ஏறிப் பார்க்காத கூரை

அமெரிக்காவில் பழைய ட்ரெய்லர் விற்கிற விளம்பரங்களில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒன்று, "ஏசி நன்றாக ஓடுகிறது." இன்னொன்று, "இருக்கிற நிலையிலேயே விற்பனை." முதல் வாக்கியம் ஒரு வாக்குக் கொடுக்கிறது. இரண்டாவது அதைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரே ஆள், ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. பொய்யாக இருந்தால் விஷயம் சுலபம். பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம். நான் சொல்கிற ட்ரெய்லர், பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். சிலருக்கு அது விடுமுறை வண்டி. ஓய்வுபெற்றவர்கள் பலர் குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்களுக்கு வருடம் பூராவும் அதுதான் வீடு. இதில் ஏசி சுவரில் இருக்காது. கூரையில் 14 அங்குலச் சதுரமாக ஓட்டை போட்டு, அதன் மேல் உட்காரவைத்திருப்பார்கள். கீழே நிற்கிறவருக்குப் பிளாஸ்டிக் மூடியின் விளிம்பு தெரியும். உள்ளே இருக்கிறவருக்குக் காற்று வரும் துவாரம் தெரியும். மீதி எதைப் பார்க்கவும் ஏணி வேண்டும்.

இப்போது "ஓடுகிறது" என்ற சொல்லைக் கழற்றிப் பார்ப்போம். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது; அது ஒரு ஓடுகிறது. கொஞ்சம் கழித்து கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்புகிறது, அது இரண்டாவது. இருபது நிமிடம் விட்டுவிட்டு, உள்ளே இழுக்கிற காற்றையும் வெளியே தள்ளுகிற காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 15 முதல் 20 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது 8 முதல் 11 செல்சியஸ் டிகிரி, வித்தியாசம் வருகிறது, அது மூன்றாவது. ஏப்ரல் காலையில் சில்லென்று இருப்பது ஜூலை மதியத்தில் தாக்குப்பிடிக்கிறதா என்பது நான்காவது.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அந்த ஓட்டையைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கிறதா? ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் நுரை மாதிரி ஒரு கேஸ்கெட் இருக்கும். உள்ளேயிருந்து நான்கு நீளமான போல்ட்டுகள் ஏசியைக் கீழே இழுத்துப் பிடிக்க, அந்த அழுத்தத்தில் கேஸ்கெட் நசுங்கித் தண்ணீரைத் தடுக்கும். வண்டி நெடுஞ்சாலையில் குலுங்கக் குலுங்க போல்ட் தளரும். வெயிலில் காய்ந்து காய்ந்து கேஸ்கெட் தட்டையாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தண்ணீர் கூரைப் பலகைக்குள் இறங்கும். ஏசி பிரமாதமாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும், பலகை அழுகிக்கொண்டே இருக்கும். விற்கிறவர் சொன்ன "ஓடுகிறது" முதல் மூன்றில் ஒன்று. வாங்குகிறவர் காதில் விழுந்தது ஐந்தும்.

பீனிக்ஸ் பக்கம் இருக்கிற நண்பன் ஒருவன் பழைய ட்ரெய்லர் பார்க்கப் போய்விட்டு போன் பண்ணினான். "விக்கறவர் ரொம்ப தங்கமான மனுஷன்டா. கூரை எப்படி இருக்குன்னு கேட்டேன். தெரியாதுப்பா, நான் மேலே ஏறினதே இல்லைன்னுட்டார். எவ்வளவு நேர்மை பாரு!"

"எத்தனை வருஷமா வெச்சிருக்கார்?"

"ஒம்போது வருஷம்."

அந்தத் "தெரியாது" உண்மைதான். ஆனால் ஒன்பது வருடம் தெரியாமலே இருந்த "தெரியாது" அது.

இந்தக் கேள்வி பழையது. கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள் பற்றி' நூலின் மூன்றாம் பகுதியில் சிசரோ கிட்டத்தட்ட இதையே எடுத்துக்கொள்கிறார். குறைகள் நிறைந்த ஒரு வீடு. விற்கிறவனுக்கு மட்டும் அவை தெரியும். சொல்லாமல் விற்கலாமா? இரண்டு ஸ்டோயிக் ஆசிரியர்களை அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். விற்கிறவன் யாரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் வேறு வேறு என்பது பாபிலோனிய டயோஜெனிஸின் பக்கம். வழி தெரியாமல் நிற்கிறவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட இது மோசம் என்பது ஆன்டிபேட்டரின் பக்கம். சிசரோ ஆன்டிபேட்டரோடு சேர்ந்துகொள்கிறார்.

அதோடு ஒரு வழக்கையும் சொல்கிறார். ரோமில் ஒரு குன்றின் மேல் சென்டுமலஸ் என்பவனுக்கு வீடு. பறவைச் சகுனம் பார்க்கிற அதிகாரிகளுக்கு அதன் உயரம் பார்வையை மறைத்ததால், உயர்ந்த பகுதிகளை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அவன் வாயைத் திறக்காமல் வீட்டை விற்றுவிட்டான். இடிக்க வேண்டிய வேலை வாங்கினவன் தலையில் விழுந்தது. நீதிபதியாக இருந்த கேட்டோ, தெரிந்தும் சொல்லாததால் விற்றவன்தான் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் மையச் சொல் 'தெரிந்தும்'. தெரிந்தவன் மாட்டிக்கொள்வான் என்றால், கெட்டிக்காரன் என்ன செய்வான்? தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவான். இன்றும் நிலைமை அதே மாதிரிதான். "இருக்கிற நிலையிலேயே" என்ற சொற்கள் அமெரிக்கச் சட்டத்தில் விற்பவரைப் பொதுவாக நிறையப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும். தெரிந்தே சொன்ன பொய்யை மட்டும் காப்பாற்றாது. ஆகவே கூரை மேல் ஏறாமல் இருப்பது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. கொஞ்சம் லாபமும்கூட.

என் தொழிலில் இதை நன்றாகவே பார்க்கலாம். டெஸ்ட் எழுதாத கோடில் எந்த டெஸ்ட்டும் ஃபெயில் ஆகாது. அலர்ட் வைக்காத சர்வர் ராத்திரியில் யாரையும் எழுப்பாது. கைமாற்றிக் கொடுக்கும்போது "இதுவரைக்கும் எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்த டீம் வந்து லாக்கைத் திறக்கிற வரைக்கும் அது உண்மைதான்.

இந்த இடத்தில் சிசரோவைவிட வில்லியம் கிளிஃபோர்ட் உதவுகிறார். கணிதவியலாளர். 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து, உயிர் தப்பியவர். ஏழு வருடம் கழித்து, 1877-இல், 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையை ஒரு கப்பல் முதலாளியில் தொடங்கினார். பழைய கப்பல், புலம்பெயர்ந்து போகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப்போகிறது. சரிபார்த்துச் சீர்செய்ய வேண்டுமோ என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம். செலவு. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனதாரத்தான் நம்பினார், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்றும் சொல்கிறார். நம்பிக்கை சரியா தப்பா என்பதைவிட, அது எப்படி வந்தது என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

ஏசிக்கு இதைப் பொருத்தினால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. தெரிந்துகொள்ள என்ன செலவாகும்? ட்ரெய்லர் கூரையைப் பொறுத்தவரை பதில், ஒரு ஏணி, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு மதியம். கரன்ட்டை முழுதாகத் துண்டித்துவிட்டு, மேலே போய் மூடியைக் கழற்றினால் பாதிக் கதை தெரிந்துவிடும். கண்டென்சர் காயிலில் தூசி அப்பியிருக்கும். அலுமினியத் தகடுகள் ஆலங்கட்டி மழையில் மடங்கியிருக்கலாம். மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எல்லாமே சூடு வெளியேறுகிற வழியை அடைக்கிறவை. நம்மூரில் குளிர்ச்சி குறைந்தால் உடனே "கேஸ் போடணும் சார்" என்பார்கள். இந்தக் கூரை ஏசிகள் பெரும்பாலும் ஆலையிலேயே கேஸ் அடைத்து மூடியவை. நிரப்புகிற வாய்கூட இருக்காது. சொந்தக்காரர் செய்யக்கூடியதெல்லாம் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழிவிடுவது, அல்லது வழியை அடைப்பது: ஃபில்டரைக் கழுவுவது, காயிலைச் சுத்தம் செய்வது, தகடுகளைச் சீப்பால் நிமிர்த்துவது, உள்ளே கூரையில் கறை இருக்கிறதா என்று பார்த்து, போல்ட் தளர்ந்திருந்தால் அளவாக இறுக்குவது. கெப்பாசிட்டரை மட்டும் தெரிந்தவரிடம் விட வேண்டும். கரன்ட்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. விற்கிறவர் எழுபத்தைந்து வயதுப் பாட்டி, கணவர் போன பிறகு ட்ரெய்லரை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போய் ஏணி ஏறச் சொல்ல முடியுமா? முடியாது. அவருடைய "தெரியாது" வேறு வகை. அவரிடம் எதிர்பார்க்கக்கூடியது ஒன்றுதான்: தனக்குத் தெரிந்ததன் எல்லையைச் சொல்வது. "போன ஏப்ரலில் ஓட்டினேன், குளிர்ந்தது. கோடையில் ஓட்டிப் பார்க்கவில்லை. கூரையை யாரும் பார்த்ததில்லை. ஏணி கொண்டுவந்து நீங்கள் ஏறிப் பார்க்கலாம், கரன்ட் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டியும் பார்க்கலாம்." இப்படிச் சொல்கிறவர் எனக்கு முழு நேர்மைக்காரர். தெரியாதது அவரிடம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதை இன்னொருவர் தலையில் கட்டவில்லை. ஏறக்கூடிய உடம்பும் ஒன்பது வருடமும் இருந்து ஏறாதவர் அதே "தெரியாது" சொல்லும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றைக் காட்டினார். நல்லது எது, சொத்தை எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் சொத்தைகளே மிஞ்சும். கூரையைப் பராமரித்தவருக்கும் பராமரிக்காதவருக்கும் ஒரே விலை என்றால் யார் ஏணி ஏறுவார்கள்? ஆகவே வாங்குகிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏறிப் பார்ப்பது, நன்றாக வைத்திருந்தவருக்குக் கூடுதலாக நூறு டாலர் கொடுப்பது. அவரும் நாளைக்கு விற்கப்போகிறவர்தான்.

ட்ரெய்லர்கள் கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை இறங்கும், கூரை வயதாகும், வாங்குகிறவரின் கையில் காசு குறைவாக இருக்கும். முதலில் வாங்கியவருக்கு ஏசி கெட்டால் ஒரு விடுமுறை கெடும். நான்காவதாக வாங்குகிறவர் கையிலிருந்த மொத்தத்தையும் அதில் போட்டிருப்பார், அதுவே வீடு, புது ஏசிக்கு வேண்டிய ஆயிரம் டாலர் சொச்சம் அவரிடம் இருக்காது.

2023-இல் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் விடாமல் வெயில் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் 43. நகரம் இருக்கிற மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய சாவுகள் 645 என்று மாவட்ட நிர்வாகம் கணக்கு வெளியிட்டது. வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் அதில் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் ஏசி இருந்தது; ஓடவில்லை.

அவற்றில் எந்த ஏசி யார் கையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள்: என்னிடம் இருந்தவரைக்கும் ஓடியது, மேலே ஏறிப் பார்த்ததில்லை, தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வியை ட்ரெய்லர் கைமாறும்போது கேட்கச் சொல்கிறேன். விற்கப்போகிறீர்களா, வாங்கப்போகிறீர்களா, எதுவானாலும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த ஏணியை எடுத்து வைக்க வேண்டும்.