காத்திருக்கும் உரிமை

கல்லூரிக் கூடைப்பந்தில் மின்னும் இளைஞர் தொழில்முறை ஆட்டத்திற்கு ஆயத்தமா என்று புதுக்கோட்டைத் திடலோரங்களிலும் நாம் வினவுகிறோம். உயரத்தைப் பார்த்தே விடையும் பகர்ந்துவிடுகிறோம்.

பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த சத்னம் சிங் ஏழடியைக் கடந்தவர். பதினான்கு வயதில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றார். அங்குக் கல்லூரியில் சேரும் கல்வித் தகுதியை எட்ட இயலாமையால், 2015இல் தம் 19ஆம் வயதில் நேரே என்.பி.ஏ. தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். டல்லாஸ் அணி 52ஆவதாக அவரைத் தெரிந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து இவ்வாறு தெரிவான முதல்வர் என்று நாம் ஆர்ப்பரித்தோம். ஆயினும் என்.பி.ஏ.யில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்னும் துணை அணியில் இரு பருவங்களே ஆடினார்.

அவரை அவசரக்காரர் எனல் முறையன்று. காத்திருக்கும் உரிமை அவருக்கு எங்கே இருந்தது? பந்துக்கு ஈடாக நூலும் இளமையிலேயே கைக்கு வந்திருப்பின், ஆயத்தமா என்னும் வினாவுக்கு அவரே விடை கூறியிருப்பார். நம் ஊரிலும், போட்டிக்காகத் தேர்வைத் தவறவிடும் மாணவரைத் தட்டிக்கொடுத்தே பழகியிருக்கிறோம்.