சொல்லின் தடம்: பேச்சுச் சிகிச்சையும் உடல்–உள்ளச் சிக்கலும்

மனச்சோர்வு மூளையில் நிகழும் கோளாறா, மனிதர் தம் வாழ்வைப் பொருள்கொள்ளும் முறையில் விளையும் துயரா என்னும் வினா மருத்துவரின் அறையில் எழுந்தாலும், அதன் வேர் மெய்யியலில் உள்ளது. மூளைக் கோளாறெனில் மருந்தும், பொருள்கொள்ளலின் பிழையெனில் பேச்சும் உரிய முறை என்ற பாகுபாடு நெடுங்காலம் இயல்பானதாகவே தோன்றியது. ஆனால் பேச்சால் குணமடைந்தோரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது அந்தப் பாகுபாடு தளர்ந்தது.

பாகுபாட்டின் தெளிவான வடிவம் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெக்கார்த்திடம் காணப்படுகிறது. உள்ளம் சிந்திப்பது, உடல் இடத்தை நிரப்புவது, இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பது அவருடைய இருமைக் கொள்கை. இடத்தை நிரப்பாத உள்ளம் உடலை எவ்வாறு அசைக்கும் என்று பொகீமிய இளவரசி எலிசபெத் 1643இல் கடிதம் எழுதிக் கேட்டார். 1645இல் அவர் காய்ச்சலாலும் இருமலாலும் வருந்தியபோது, அதற்குத் துயரமே காரணமாகலாம் என்று கருதிய தெக்கார்த், கற்பனையை மகிழ்வானவற்றின்பால் திருப்பும்படி அறிவுரை கூறி, கடிதங்களாலேயே அவரைத் தேற்ற முயன்றார். அதற்கு எலிசபெத், சில நோய்கள் பகுத்தறியும் ஆற்றலையே பறித்துவிடுகின்றன என்று தம் இரண்டாவது ஐயத்தை முன்வைத்தார்.

அறிவுரையாகத் தொடங்கிய இத்தகைய உரையாடல், 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதல்–நடத்தைச் சிகிச்சையில் முறையான மருத்துவமாயிற்று. ‘எதைச் செய்தாலும் பயனில்லை’ என்பது போலத் தாமாகவே எழும் எண்ணங்களை இனங்கண்டு, அவற்றுக்குச் சான்று உண்டா என்று மருத்துவருடன் சேர்ந்து சோதிப்பதே அதன் சாரம். டொரொன்டோவில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தின்றி இச்சிகிச்சையை மட்டும் 15 முதல் 20 அமர்வுகள் பெற்று முடித்த 14 பேரின் மூளை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பெட் ஸ்கேன் முறையில் படமெடுக்கப்பட்டது. மூளையின் எப்பகுதி எவ்வளவு குளுக்கோஸைச் செலவிடுகிறது என்பதைக் காட்டும் முறை அது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸில் செயற்பாடு கூடியிருந்தது. திட்டமிடலுக்கும் சிந்தனைக்கும் உரிய முன்நெற்றிப் புறணியின் சில பகுதிகளில் குறைந்திருந்தது. பராக்சிட்டின் என்னும் மருந்தால் தேறிய வேறொரு குழுவினரிடமோ இம்மாற்றங்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் அமைந்திருந்தன.

இதைக் கொண்டு பேச்சு ஒரு வழியாகவும் மருந்து மறு வழியாகவும் மூளைக்குள் நுழைகின்றன என முடிவுகட்டுவது அவசரமாகும். அவ்விரு குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. மேலும், உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட வேறொரு பேச்சுச் சிகிச்சையை அதே மருந்தோடு ஒப்பிட்டு, கலிபோர்னியாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்று, இரண்டிலும் பெரிதும் ஒத்த மாற்றங்களையே கண்டது. இவ்விரு ஆய்வுகளின் மூளைப்படங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும், சொல் உடலில் தடம் பதிக்கிறது என்பதில் அவை உடன்படுகின்றன. இருமைக் கொள்கையைப் பிழையென நிறுவ இது போதாது. எனினும் ‘வெறும் பேச்சு’ என்னும் வழக்கிலுள்ள ‘வெறும்’ என்ற அடைக்கு இனி இடமில்லை.

ஆயினும், தடத்தைக் காட்டும் கருவி சொல்லின் பொருளைக் காட்டுவதில்லை. ‘எதைச் செய்தாலும் பயனில்லை’ என்ற எண்ணம் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடும். குளுக்கோஸின் அளவோ கூடலாம், குறையலாம், ஆனால் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க இயலாது. நோயாளி தம் எண்ணத்தைச் சான்றில்லாததெனக் கண்டு கைவிடும்போது அங்கே காரணமும் நியாயமும் ஒருங்கே செயற்படுகின்றன. மூளைப்படம் காரணத்தின் பக்கத்தை மட்டுமே பதிவுசெய்கிறது. ஆகவே, படத்தில் மாற்றம் தெரிந்தால்தான் குணம் உண்மையானது என்று கொள்வது, கடிதத்தின் உண்மையை அதன் மையின் எடையைக் கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும்.

எலிசபெத்தின் முதல் வினா, உள்ளத்தையும் உடலையும் ஒரே நிகழ்வின் இரு விவரிப்புகளாகக் கருதுவோருக்குக் கூர்மை மழுங்கியதாகத் தோன்றலாம். இரண்டாவது ஐயமோ வலுப்பெற்றே நிற்கிறது: நியாயத்தை ஏற்பதற்கும் ஓர் உடல்நிலை வேண்டும், கடுஞ்சோர்வு அதையே குலைத்துவிடக்கூடும். அந்நிலையில் தரப்படும் மருந்து சொல்லுக்குப் போட்டியாக வருவதன்று; நோயாளியைச் சொல்லைக் கேட்கக்கூடியவராக மீட்டுத் தருவதே அதன் பணியாகிறது.