பாவையும் ஒலிப்பெட்டியும்

நற்றிணையும் குறுந்தொகையும் கொல்லிமலையைப் பேசும்போது, தெய்வம் ஆக்கியதாகச் சொல்லப்படும் ஒரு பாவையை, அதாவது கண்டவரைத் தன் அழகால் பிணிக்கும் பெண்ணுருவைக் குறிப்பிடுகின்றன. இன்று அம்மலையில் வழிபடப்படும் எட்டுக்கை அம்மனே அப்பாவை என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. அதே மலையில் அறப்பளீசுவரர் இலிங்க வடிவில் எழுந்தருளியிருக்கிறார். முன்னது பார்வையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள, பின்னது முகமும் கைகால்களும் இன்றி, காண்பவர் கருத்தைத் தனக்கு அப்பால் செலுத்துகிறது. உருவமற்ற ஒன்றுக்கு உடல் அமைக்கும்போது அவ்வுடல் எவ்வளவு அழகாக இருக்கலாம் என்ற கேள்வி, பல இலட்சம் ரூபாய் விலையில் வீட்டுக் கூடங்களில் நிறுத்தப்படும் உயர்தர ஒலிபெருக்கிகளுக்கும் பொருந்துவதே.

சைவ சித்தாந்தம் இறைநிலையை அருவம், அருவுருவம், உருவம் என மூன்றாக வகுத்து, இலிங்கத்தை அருவுருவமாகக் கொள்கிறது. வடிவம் இறைவனுக்குத் தேவைப்படுவதன்று, உயிர்கள் அறியும்பொருட்டு அருளால் கொள்ளப்படுவது என்பது அதன் துணிபு. இவ்வளவை ஏற்றால், கேட்பவர் கண்ணுக்கும் சிறிது இடமளிப்பது குற்றமாகாது.

எனினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கொல்லிமலையில் செழித்து வளரும் பலாவின் மரத்தில்தான் தஞ்சாவூர் வீணையின் குடம் குடையப்படுகிறது. அந்த மரம் தந்தியோடு சேர்ந்து அதிர்ந்தாக வேண்டும். ஒலிபெருக்கியின் பெட்டியோ அதிரவே கூடாது. அதன் கூம்புச் சவ்வு முன்னே காற்றை அழுத்தும் கணத்தில் பின்னே காற்று தளர்வதால், இரண்டும் கலந்து தாழ்ந்த சுரங்கள் அழிந்துவிடாமல் பின்னலையை அடைத்துவைப்பதே பெட்டியின் வேலை. பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் நிறுவனத்தின் நாட்டிலஸ் (1993) நத்தைக் கூடு போல் சுருண்டிருப்பது, பின்னலை குறுகிக்கொண்டே செல்லும் நீண்ட குழலுக்குள் ஓய்ந்து அடங்க வேண்டும் என்பதனால்தான். அங்கே அழகு தானாக வந்து சேர்ந்தது. இத்தாலியின் சோனஸ் ஃபேபர் நிறுவனம் தன் பெட்டிக்கு வயலின் செய்த குவார்னெரி குடும்பத்தின் பெயரைச் சூட்டி, முன்பக்கம் தந்திகளைப் போல் கயிறுகளை நிறுத்துகிறது. வளைந்த பக்கங்கள் உள்ளே அலைகள் தேங்குவதைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஊமையாக இருக்க வேண்டிய உடல், பாடும் உடலின் வேடத்தைப் புனைவது சற்று மிகை. (வீணையின் யாளி முகமும் அலங்காரந்தான், அது வேறொன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.)

பாவையின் ஆற்றல் வெறும் கற்பனையன்று. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட சோதனையில், திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்களை, அதே ஒலிபெருக்கிகளைக் கண்ணால் பார்த்தபின் கேட்டவர்கள் மாற்றினர். பகட்டான பெரிய பெட்டிகள் ஏற்றம் பெற, மலிவான சிறியது இறங்கியது. கோயிலில் அலங்காரம் முடியும்வரை திரையிட்டுப் பின் விலக்குவது காட்சிக்காக. ஒலிபெருக்கி வாங்குவோரும் முதலில் திரையிட்டுக் கேட்டுத் தேர்ந்துவிட்டு, அதன் பிறகே அதன் அழகைப் பார்ப்பது நல்லது.