ஆறு மாதச் சம்பளம்

1930-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு லைக்கா காமிராவின் விலை 420 யென். அதே நாளில், பெயர் பெற்ற சர்வகலாசாலையில் பட்டம் வாங்கி, முதல்தரமான பாங்கு ஒன்றில் வேலைக்குச் சேரும் இளைஞனுக்கு ஆரம்பச் சம்பளம் மாதம் 70 யென். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை கொடுக்காமல், சோறு தின்னாமல், ஊரில் இருக்கும் தாயாருக்கு ஒரு காசு அனுப்பாமல் ஆறு மாதம் சேர்த்து வைத்தால் ஒரு காமிரா.

அப்படியும் அதை வாங்கினவர்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனே படம் எடுத்துவிடுகிற இந்தக் காலத்தில், ஃபிலிம் சுருளை மாட்டி, தூரத்தைக் கையால் திருகிச் சரிபார்த்து, சுருளுக்கு 36 படங்கள் எடுக்கும் லைக்காவை அந்தக் கம்பெனி இன்னமும் செய்து விற்கிறது. 1984-இல் வந்த எம்-6 என்ற மாதிரியை 2022-இல் மறுபடியும் கொண்டுவந்தது. நம் பணத்தில் சில லட்சம் ரூபாய். வாங்குகிறவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மாதச் சம்பளக்காரர்களும், பள்ளி ஆசிரியர்களும், பிள்ளைகளின் படிப்புச் செலவை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

ஒரு மனிதன் தன் வசதிக்கு மீறின கருவி ஒன்றுக்கு ஆசைப்படுவது நியாயந்தானா? படம் பிடிப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. நல்ல வீணைக்கு ஏங்கும் பெண்ணுக்கும், தங்க முள் பேனாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு நகர மனமில்லாமல் நிற்கும் என் போன்றவர்களுக்கும் உரிய கேள்வி. ஆனால் காமிரா விஷயத்தில் அது மிகவும் துலக்கமாகத் தெரிகிறது. ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் காமிராவின் விசேஷத்தைச் சொல்லிவிட வேண்டும். இதை ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா என்கிறார்கள். இதில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. மேலே ஓர் ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதன் நடுவில் ஒரு சிறு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எதிரே நிற்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு முகங்களும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். படிந்த இடத்தில் தூரம் சரி. நம் இரண்டு கண்கள் தூரத்தை அறிகிற அதே சூட்சுமந்தான். லைக்காவில் இந்த அமைப்பு லென்ஸோடு இணைந்து வந்தது 1932-இல். 1954-இல் வந்த எம்-3-இல், படத்தில் விழப்போகும் பகுதியை ஒளிக்கோட்டால் ஆன சட்டம் ஒன்று காட்டியது. சட்டத்துக்கு வெளியே நடந்து வருகிறவரையும் முன்கூட்டியே பார்க்கலாம். உள்ளே எழும்பி விழும் கண்ணாடி இல்லாததால், படம் எடுக்கும் கணத்தில் பார்வை மறைவதில்லை. சத்தமும் குறைவு.

இதை ஆதியில் செய்தவர் ஆஸ்கர் பர்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில், நுண்பெருக்கிகள் செய்துவந்த லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்தக் காலத்துக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு மலைப் பாதையில் நடக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கும்படியாகக் கைக்குள் அடங்கும் காமிரா ஒன்றை 1914-ஐ ஒட்டிச் செய்து பார்த்தார். யுத்தமும் பணவீக்கமும் கடந்து, 1925-இல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. சுமக்க முடியாதவன் சுமப்பதற்காகச் செய்த பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, வாங்குகிறவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேருகிறார்கள்?

இல்ஸே பிங் என்ற ஜெர்மன் பெண்மணி கலை வரலாற்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கட்டுரைக்கு வேண்டிய கட்டடப் படங்களை எடுக்கத்தான் 1928-இல் காமிராவையே கையில் எடுத்தார். அடுத்த வருஷம் ஒரு லைக்கா வாங்கினார். ஆராய்ச்சி நின்றுவிட்டது. 1930-இல் பாரிஸுக்குப் போய்ப் படம் எடுப்பதையே ஜீவனமாக்கிக்கொண்டார். லைக்காவின் ராணி என்று பிற்பாடு அவரை அழைத்தார்கள்.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஓவியம் படித்தவர். ஆப்பிரிக்காவுக்குப் போய், கடும் ஜுரத்தில் சாவின் வாசலைப் பார்த்துவிட்டுப் பிரான்ஸுக்குத் திரும்பினார். அப்போது மார்ட்டின் முன்காச்சி எடுத்த படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. டாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் மூன்று கறுப்புச் சிறுவர்கள் ஓடிப் பாய்கிறார்கள். அவ்வளவுதான் படம். காமிராவினால் இதையும் செய்ய முடியுமா என்று அவர் திகைத்துப்போனார். 1932-இல் மார்ஸேய் நகரில் லைக்கா அவர் கைக்கு வந்தது. அவர் குடும்பம் நூல் வியாபாரத்தில் செழித்த குடும்பம். ஆறு மாதச் சம்பளக் கணக்கு அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இருவரிடமும் பொதுவான ஒன்றைக் காண்கிறேன். கண் முன்னே போய்விட்டது, கருவி பின்தங்கிவிட்டது. ஓடுகிற சிறுவனைப் பார்க்கக் கற்ற கண்ணுக்கு, முக்காலியில் நிற்கும் பெட்டி போதவில்லை. அந்த நிலையில் வாங்கும் கருவி ஆடம்பரம் ஆகாது. கால் வளர்ந்த பிள்ளைக்குச் செருப்பு மாற்றுவது போன்றது அது.

ஆனால் இந்த இருவரைப் போல வருகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் வருகிற வழி வேறு. முதலில் தகப்பனார் விட்டுப்போன காமிரா. பிறகு ஏதாவது ஒரு மலிவான ரேஞ்ச்ஃபைண்டர். 1961-இல் வந்த கானனெட், 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ, அல்லது சோவியத் யூனியனின் ஃபெட். இந்த ஃபெட் கார்க்கிவ் நகரில் அனாதைச் சிறுவர்களுக்கான உழைப்புக் குடியிருப்பு ஒன்றில், லைக்காவைப் பார்த்து 1934 முதல் செய்யப்பட்டது. இவற்றில் எதையாவது கையாண்டு பார்த்து, இரண்டு முகங்கள் ஒன்றாகப் படியும் அந்த வித்தையில் மயங்குகிறார்கள். பிறகு புத்தகங்கள். புத்தகத்தில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வைத்திருந்தது எது என்று தேடுகிறார்கள். அதற்குப் பிறகு தூக்கம் போய்விடுகிறது.

இந்தக் கட்டத்தில் மனம் வக்கீல் வேலை பார்க்க ஆரம்பிக்கிறது. "ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுவதும் உழைக்கும்" என்கிறது. சற்று நேரம் கழித்து, "வேண்டாம் என்றால் போட்ட பணத்துக்கே விற்றுவிடலாம்" என்கிறது. ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகிறவனுக்கு விற்கிற விலை எதற்கு? இரண்டு வாதங்களும் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவரைப் பார்த்தால், அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். ஆசை முன்னால் நடக்கிறது. காரணம் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போகிறது.

மூன்றாவது வாதம் ஒன்று உண்டு. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினால் சிரத்தையாகப் படம் எடுப்பேன்" என்பது அது. இது கிட்டத்தட்ட நேர்த்திக்கடன். ஆனால் முறை மாறிப்போன நேர்த்திக்கடன். கோயிலில் வரம் கிடைத்த பிறகு காணிக்கை செலுத்துகிறோம். இங்கே காணிக்கை முதலில். வரம் வந்தாலும் வரும், வராமலும் போகும். கண் வளர்வதற்கு முன்பே கருவியை வாங்கி, அதை எட்டிப் பிடிக்கக் கண்ணைத் துரத்துவது. இதையும் நான் குற்றமென்று சொல்லமாட்டேன். எந்தக் கலையும் யாரோ ஒருவரைப் போல ஆகவேண்டும் என்ற ஏக்கத்தில்தான் தொடங்குகிறது. குருவின் மிருதங்கத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாத சீடன் யார்?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லி இந்த ஆசையை ஒரேயடியாக அடக்கிவிடப் பார்க்கிறவர்கள் உண்டு. பழமொழி உண்மைதான். ஆனால் வல்லவன் வாளைத் தொடக்கூடாது என்று அது சொல்லவில்லை. அதே சமயம் ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியும் நம்மிடம் இருக்கிறது. முதல் பழமொழியைப் பிறருக்கும், இரண்டாவதைத் தனக்கும் சொல்லிக்கொள்கிறவன் அதிகம் தவறமாட்டான்.

விலையைப் பற்றி ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. கோரோ யோஷிதா என்ற ஜப்பானியர், சினிமாக் கருவிகளைப் பழுது பார்த்து வந்தவர், அந்த 420 யென் லைக்கா ஒன்றைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வைரம் எதுவும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இந்தச் சாமான்களுக்கா இந்த விலை என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 1933-இல் டோக்கியோவில் ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். மறு வருஷம் மாதிரிக் காமிரா ஒன்றுக்கு, கருணைத் தெய்வமாகிய அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயரால், குவானோன் என்று பெயரிட்டார்கள். லென்ஸின் பெயர் காசியபர். அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் பிற்பாடு உலகமெல்லாம் பரவிய கானன் கம்பெனி. ஆனால் 1936-இல் அவர்களுடைய முதல் காமிரா கடைக்கு வந்தபோது, அதன் லென்ஸும், தூரம் பார்க்கும் கண்ணாடிகளும் இன்னொரு கம்பெனியாகிய நிப்பான் கோகாக்கு செய்து கொடுத்தவை. பித்தளை மலிவுதான். பித்தளையை மயிரிழை பிசகாமல் கடைவதும், கண்ணாடியைத் தேய்ப்பதும் மலிவல்ல. யோஷிதாவின் கோபத்தில் பாதி நியாயம் இருந்தது என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதி, உழைப்புக்குச் சேரவேண்டியது.

விலையில் உழைப்புக்குச் சேராத பங்கு ஒன்றும் இருக்கிறது. அது பெயருக்குச் சேருவது. 2015-இல் அதே லைக்கா கம்பெனி, லென்னி க்ராவிட்ஸ் என்ற பாடகரோடு சேர்ந்து 125 காமிராக்களை வெளியிட்டது. அவை ஃபிலிம் காமிராக்கள் அல்ல, டிஜிட்டல். ஆயினும் என் வாதத்துக்கு அவையே பொருத்தமானவை. பல வருஷம் யுத்தத்திலும் தெருவிலும் அலைந்த காமிராவின் கறுப்புப் பூச்சு தேய்ந்து, அடியில் பித்தளை தெரியும் அல்லவா? அதே மாதிரி, புத்தம் புதுக் காமிராவின் பூச்சைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்து, பித்தளை தெரியும்படி செய்து விற்றார்கள். அலையாத அலைச்சலை விலைக்கு வாங்கலாம்! நடக்காத யாத்திரைக்குக் காலில் புழுதி பூசிக்கொள்வது போல.

பர்னாக் தம் கைக்கென்று வைத்திருந்த பழைய காமிரா, 105-ஆம் எண் உள்ளது, 2022-இல் ஏலத்தில் 144 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. மூச்சுத் திணறும் மனிதன் எங்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று செய்த பொருளை, இனி யாரும் எங்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது சரித்திரப் பொருள், போகட்டும். ஆனால் சாதாரண மனிதன் வீட்டு அலமாரியிலும் இதே விபத்து சின்ன அளவில் நடக்கிறது. ஆறு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய காமிராவை மழையில் எடுக்கப் பயம். கூட்டத்தில் எடுக்கப் பயம். குழந்தை தொட்டால் அதட்டல். பழைய மலிவுக் காமிரா திருவிழாவுக்குப் போகிறது. புதியது பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலத்தோடு தூங்குகிறது. யார் யாருக்கு உடைமை என்று அப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். பிறர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. விலையுயர்ந்த பொருளைப் பிறர் பார்க்கவேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கும் அவருக்கும் இடையே அந்த நாடாவின் கனந்தான் வித்தியாசம். 1970-களில் அவர் புகைப்படத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு மறுபடியும் சித்திரம் வரையப் போனார். கையில் ஒரு பென்சில் போதுமென்று ஆயிற்று. அதுவும் எனக்கு வியப்பாக இல்லை.

வாங்கலாமா என்று என்னைக் கேட்கிற இளைஞர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. அதன் விலையை உள்ளபடி வீட்டில் சொல்ல முடியுமா? காமிரா வாங்கினவர்கள் மனைவியிடம் விலையைப் பாதியாக்கிச் சொல்வது வேடிக்கைக் கதையாக உலவுகிறது. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சொல்ல முடியாத அந்தப் பாதி, அநேகமாக வேறு ஒருவருடைய பணம். மகளுடைய கண்ணாடியாகவோ, தாயாரின் வைத்தியமாகவோ இருக்கவேண்டிய பணம். இரண்டாவது, இருக்கிற காமிராவால் எடுக்க முடியாமல் கைவிட்ட படம் ஒன்றையாவது சொல்ல முடியுமா? மூன்றாவது, அதை மழையில் எடுத்துப் போவாயா?

முதல் இரண்டுக்கும் நேர்மையுள்ளவன் உடனே பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதற்கு, வாங்குவதற்கு முன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காமிராவைத் திருப்பி, கட்டைவிரல் படுகிற இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.