அட்சய திருதியை உணர்த்தும் எளிய கொடை



இளவேனிற் பருவம் நமக்கு இரு பெருநாள்களைக் கொண்டு வருகின்றது. சைத்திர மாத வளர்பிறைத் திரயோதசி, பகவான் மகாவீரர் பிறந்தருளிய திருநாள். அதன்பின் ஏறக்குறைய 20 நாளில், வைசாக மாத வளர்பிறைத் திருதியையில், அட்சய திருதியை வருகின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. இல்லங்களில் உறவினர் வருகை. மகிழ்ச்சிக்குரிய இந்நாள்களில் பல இல்லத்தலைவியரின் உள்ளத்தில் கவலையொன்றும் உடன் வந்து அமர்கின்றது. "வருவோர்க்கு என்ன கொடுப்பது? சம்பந்தி வீட்டார்க்கு என்ன அனுப்புவது? அட்சய திருதியையன்று குன்றிமணி அளவேனும் பொன் வாங்காவிடில் நாலு பேர் என்ன சொல்வர்?" என்பதே அக்கவலை. இதன்பொருட்டுச் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுப்போரும் வட்டிக்கு வாங்குவோரும் உண்டு. பெருநாள் ஒரு பகலில் கழிந்துவிடும். கடனோ அடுத்த பெருநாள் வரையிலும் கழியாது.

ஆகவே, அட்சய திருதியை எதனாற் சிறந்தது என்பதை முதற்கண் சிந்திப்போம்.

முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பில் நின்றார். நோன்பு நிறைந்தபின் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறியார். அன்பு அவர்களிடம் குறைவின்றி இருந்தது. ஒருவர் மணிகளைக் கொணர்ந்தார். ஒருவர் யானையையும் குதிரையையும் முன்னிறுத்தினார். ஒருவர் பட்டாடையை விரித்தார். அனைத்தையும் துறந்தவர்க்கு அவற்றால் ஆவதென்ன? பெருமான் மௌனமாகக் கடந்து சென்றார். இவ்வாறு ஓராண்டுக்கும் மேலாகக் காலம் சென்றது.

பின்னர் அவர் அத்தினாபுரத்துக்கு எழுந்தருளினார். அந்நகர வேந்தன் சோமப்பிரபனின் இளவல் சிரேயாம்ச குமாரன், பெருமானைக் கண்ட அளவிலே முற்பிறப்பில் தான் முனிவர்க்கு உணவளித்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தான். எதிர்கொண்டு வணங்கினான்; முறைப்படி அழைத்தான்; தூய கரும்புச் சாற்றை அவர்தம் இருகை ஏந்தலில் வார்த்தான். அதுவே இவ்வூழியின் முதல் ஆகார தானம் என்பர் நம் ஆன்றோர். அக்கொடையின் பயன் குன்றாதது ஆதலின் அந்நாள் அட்சய திருதியை ஆயிற்று.

அன்பர்களே, ஈண்டு ஊன்றி நோக்குக. மணியும் யானையும் தோற்ற இடத்தில் கரும்புச் சாறு வென்றது. ஏன்? ஏற்பவர்க்கு வேண்டுவது யாது என்பதை ஒருவன் மட்டுமே அறிந்தான். பொன் ஏற்கப்படாத கதையின் நினைவுநாளைப் பொன் வாங்கும் நாளாக நாம் மாற்றிக்கொண்டது எத்துணை வியப்பு!

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடையின் சிறப்பு நான்கினால் அமையும் என்கின்றார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் என்பன அவை. பொருளின் சிறப்பாவது ஏற்பவரின் தவத்துக்கும் நலத்துக்கும் துணையாதல்; விலை அங்கே பேசப்படவில்லை. அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கொடுப்பவர்க்கு ஏழு குணங்களை வகுத்தார். இம்மைப் பயனை எதிர்பாராமை, பொறுமை, வஞ்சமின்மை, பொறாமையின்மை, வருந்தாமை, மகிழ்ச்சி, செருக்கின்மை என்பன அவை. முனிவர்க்கு அளிக்கும் கொடைக்குரிய இக்குணங்களை உறவினர்க்குக் கொடுக்கும் பொருளிலும் வைத்து எண்ணிப் பாருங்கள். கடன்பட்டுக் கொடுப்பவர் வருந்தாமல் இருக்க இயலுமா? அண்டை வீட்டாரினும் மேலாகக் கொடுக்க முனைபவரிடம் பொறாமையும் செருக்கும் இல்லாமற் போகுமா? ஏழு குணங்களுள் மூன்று வாயிற்படியிலேயே கழன்றுவிடுகின்றன.

"மகளின் புக்ககத்துக்கு வெறுங்கையுடன் எவ்வாறு செல்வது?" எனத் தாய்மார் வினவலாம். வெறுங்கையுடன் செல்லுமாறு யாம் கூறவில்லை. உழைத்த கையுடன் செல்லுங்கள் என்கின்றோம்.

நம் வட்டாரத்தில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை பெரும்பாலான இல்லங்களில் உள்ளது. அரைக் கிலோ பருப்பைப் பகல் வெளிச்சத்தில் ஆய்ந்து, பூச்சி இருப்பின் உயிர்க்கு ஊறின்றி அப்புறப்படுத்தி, வறுத்துத் தோல் நீக்குக. ஏறத்தாழ 350 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுக. ஒரு துளியை நீரில் இட்டால் கெட்டியாக உருண்டு, தட்டில் போட ஓசை எழவேண்டும்; அதுவே பதம். பருப்பைச் சேர்த்து, கையில் அரிசிமாவு தொட்டு, சூடு ஆறுமுன் பிடித்தால் 40 சிறு உருண்டைகள் கிடைக்கும். நெய்யும் வேண்டா; முந்திரியும் வேண்டா.

வெயிலில் வருவோர்க்குப் பானகம் போதும். இரண்டு லிட்டர் நீருக்குக் கால் கிலோ வெல்லம், சிறிது சுக்கு, ஏலம், ஓர் எலுமிச்சை. கரும்பின் சாறே வெல்லமாதலின், அத்தினாபுரத்துக் கொடையை நினைவூட்ட இதனினும் பொருத்தமான பருகுபொருள் இல்லை. நீரை வடிகட்டிய 48 நிமிடத்துக்குள் கலந்து, அவ்வப்போதைக்கு வேண்டிய அளவே செய்து, ஞாயிறு மறையுமுன் வழங்கிவிடுக. கடைப் பண்டத்தில் எந்நீர் சேர்ந்தது, எவ்விரவில் சமைத்தது என்பதை நாம் அறியோம். நம் அடுக்களையில் செய்வதால் செலவு குறைவதுடன் விரதமும் காக்கப்படுகின்றது.

பரிசுப் பொருளாக நீர் வடிகட்டும் துணியைத் தைத்துக் கொடுக்கலாம். 36 விரற்கடை நீளமும் 24 விரற்கடை அகலமும் உடைய கெட்டிப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுதல் முன்னோர் வகுத்த அளவு. உடுத்துப் பழகிய துணி ஆகாது. புதிய துணியே வேண்டும். ஒரு மீட்டர் துணியில் இரண்டு தைக்கலாம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே சேர்க்கும் வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தால், அத்துணி நாள்தோறும் அபய தானம் செய்யும்.

பிள்ளைகளிடம் நல்ல தாளையும் மைக்கோலையும் கொடுங்கள். பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் 35 எழுத்துகளையும் பிழையின்றி எழுதி, ஓரத்தில் முக்குடையும் தாமரையும் வரையட்டும். பாட்டனார்க்கும் ஆலய உபாத்தியாயர்க்கும் அதனைத் தம் கையாலே அளிக்கட்டும். ஏடெழுதிக் கொடுப்பது நம் குலத்தின் பழந்தொழில். சமணர் இல்லங்களில் எழுதிக் காக்கப்பெற்ற ஏடுகளும் துணைநின்றே உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். விலைகொடுத்து வாங்கிய பொம்மை ஆடிக்குள் உடையும். பேரன் எழுதிய தாள் பாட்டனாரின் பெட்டியில் பல்லாண்டு இருக்கும்.

இறுதியாக ஒன்று. 40 உருண்டை பிடித்தால் நாற்பதும் சம்பந்தி வீட்டுக்கே செல்லவேண்டுவதில்லை. பத்தினைத் தனித்து வாழும் முதியவர்க்கும், தெருவைத் தூய்மை செய்பவர்க்கும், இவ்வாண்டு இழப்பு நேர்ந்து பெருநாள் கொண்டாடாத இல்லத்துச் சிறார்க்கும் ஒதுக்குங்கள். கொடுக்குமுன் ஒரு நொடி நின்று, "இவர்க்கு இப்போது வேண்டுவது யாது?" என உள்ளத்தை வினவுங்கள். சிலர்க்கு உருண்டையினும் அரைமணி நேர உரையாடலே வேண்டியிருக்கும். அதற்குக் காசு இல்லை.

சிரேயாம்சன் அறிந்தது அந்த ஒரு வினாவின் விடையையே. அதனை நாமும் அறிவோமாயின், நம் சிறுகொடையும் குன்றாக் கொடையாகும்.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!