ஒத்த பொருள் கலத்தல்

அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையை நாம் எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். கொல்லாமையைப் பற்றி நம் இல்லங்களில் நாள்தோறும் பேச்சு உண்டு. இரவு உணவு, கிழங்கு வகை, நீர் வடிகட்டுதல் என்று அது அடுப்பங்கரை வரை வந்து நிற்கிறது. கள்ளாமையோ, "நாம் யார் வீட்டிலும் புகுந்து எடுக்கவில்லையே" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. எழுபது வயதைக் கடந்த பின்னும் நான் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு கேப்சூல் அந்த எண்ணத்தைக் கலைத்தது.

மூட்டு வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தது அது. கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது என்பதும், ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலிய உயிர்களின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. தாவரச் செல்லுலோஸால் செய்த உறைகளும் சந்தையில் உண்டு. வந்தவாசிப் பக்கம் இருந்திருந்தால் நம்மவருள் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டிருப்பேன். கருங்கல்லில் அதற்கு ஆளில்லை. ஆகவே கைபேசியை எடுத்து, மருந்தின் பெயரைச் சொல்லி, "இதன் உறை சைவமா?" என்று தேடுபொறியில் வினவினேன். எந்தத் தேடுபொறி என்பது இங்கு வேண்டியதில்லை. திரையின் உச்சியில், "முழுவதும் சைவம், தாவர உறை" என்ற பொருளில் ஒரு வரி பெரிய எழுத்தில் நின்றது. மனம் அமைதியுற்றது. 19 நாட்கள் அம்மருந்தை உட்கொண்டேன்.

இருபதாம் நாள், மருந்து தீரும் தறுவாயில், மீண்டும் வாங்கக் கடைக்குச் சென்றபோது பேச்சுவாக்கில் உறையைப் பற்றிக் கடைக்காரரிடம் கூறினேன். அவர் மருந்துப் பட்டையைத் திருப்பி, மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு கடின ஜெலட்டின் கேப்சூலிலும் அடங்கியவை இவை என்று தொடங்கியது அந்த வரி. எனக்குக் கை நடுங்கியது. வீட்டிற்கு வந்து, அயல் வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதே வினாவை மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். நான் விடை என்று கொண்டது வேறொரு நிறுவனத்தின் வேறொரு மருந்துக்கான விளம்பரம். அதன் கீழே இன்னொரு விளம்பரம். அதன் கீழே விலையோடு கூடிய படங்களின் வரிசை. பிறகு, பிறர் கேட்ட கேள்விகள் என்று நான் கேளாத நான்கு கேள்விகள். விரலால் மூன்று முறை தள்ளிய பின்னரே, அம்மருந்தைச் செய்தவர்களின் சொந்தக் குறிப்பு வந்தது. அதில் உண்மை இருந்தது.

விளம்பரம் என்ற குறிப்பும் அங்கே இருக்கத்தான் செய்தது. சிறிய எழுத்தில் ஓரமாக இருந்தது.

அன்று உபவாசம் இருந்தேன். பிரதிக்கிரமணத்தின்போது அறியாமல் செய்த பிழை என்று சொல்ல நா எழவில்லை. பட்டையில் எழுதியிருந்தது, அது 19 நாட்களும் என் கையிலேயே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்காதது என் பிரமாதமன்றி வேறென்ன? எனினும் என் கவனக்குறைவோடு இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறதா என்ற வினா என்னை விடவில்லை.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியிருக்கிறார். திருடும் வழியைப் பிறர்க்குக் காட்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறியை மீறுதல், ஒத்த பொருளைக் கலத்தல், அளவை கூட்டியும் குறைத்தும் கொடுக்கல் வாங்கல் செய்தல் என்பன அவை. நான்காவதற்கு அவர் ஆளும் சொல் சத்ருச சன்மிச்ரம் என்பது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதையே பிரதிரூபக வியவகாரம் என்று கூறும். நம் அருங்கலச்செப்பும் இவ்வழியே வந்த நூல்.

இதில் என் கருத்தைக் கவர்ந்தது, இக்குற்றம் பொய்யாமையின் கீழே வைக்கப்படாமல் கள்ளாமையின் கீழே வைக்கப்பட்டிருப்பது. நல்லமிளகில் காய்ந்த பப்பாளி விதையைக் கலப்பவன் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "நான் இதை மிளகு என்று சொன்னேனா? அள்ளிக்கொண்டது நீதானே?" என்று அவன் கேட்கலாம். உருவ ஒற்றுமையே அவனுக்காகப் பேசிவிடுகிறது. பப்பாளி விதை மிளகைப் போல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வியாபாரமே நடவாது. ஆகவே அங்கே விற்கப்படுவது அந்த ஒற்றுமைதான். வாங்குபவனிடமிருந்து எடுக்கப்படுவதும் பணம் மட்டுமில்லை. இதையும் அதையும் பிரித்தறியும் ஆற்றலே அவனிடமிருந்து பறிக்கப்படுகிறது.

தேடுபொறியின் விடைப் பக்கம் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருந்ததில்லை. கூகுளைத் தோற்றுவித்த செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, 1998-இல் வெளியிட்ட கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரப் பணத்தால் நடக்கும் தேடுபொறி தேடுவோரின் தேவையை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று தாமே எழுதியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களது நிறுவனமே விளம்பரச் சொற்களை விற்கத் தொடங்கியது. ஆயினும் பல ஆண்டுகள் விளம்பரங்களுக்குத் தனி நிறப் பின்னணி இருந்தது. வலப்புறம் தனிப் பத்தியும் இருந்தது. 2013-இல் நிறப் பின்னணி போய் ஒரு சிறு மஞ்சள் முத்திரை வந்தது. 2016-இல் கணினித் திரையின் வலப்பத்தி நீங்கியது. விளம்பரங்கள் விடைகளின் தலைமேல் ஏறின. அதே ஆண்டில் முத்திரையும் பச்சையாயிற்று. 2020 ஜனவரியில் அம்முத்திரை கறுப்பாகி, பக்கத்தின் மற்ற வரிகளோடு கலந்து நின்றபோது பலரும் கண்டித்தனர். நிறுவனமும் சற்றே பின்வாங்கியது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில், விளம்பரங்களை ஒரே தலைப்பின் கீழ்த் தொகுத்து, வேண்டாதவர் மறைத்துக்கொள்ள வழி செய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் முன்னேற்றம் எத்திசையில் நடந்தது என்பதைப் பாருங்கள். மிளகுக்கும் விதைக்கும் இடையே இருந்த நிற வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது.

இதைப் பற்றிய வழக்குகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது என்பது பலர் அறியாதது. வரன் தேடித் தரும் பாரத் மேட்ரிமோனியை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பெயர்ச் சொற்களைத் தேடுவோர்க்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2010 செப்டம்பரில் நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன் அதில் விரிவானதொரு தீர்ப்பை வழங்கினார். 2012-இல் அந்நிறுவனமும் ஜெய்ப்பூரைச் சார்ந்த நுகர்வோர் அமைப்பொன்றும் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டன. 2018 பிப்ரவரி 8-ஆம் நாள் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணம் பற்றித் தேடுவோர்க்குத் தன் சொந்தப் பகுதியையே எடுப்பான இடத்தில் வைத்துக் காட்டியது அதற்கான காரணங்களுள் ஒன்று. விளம்பரச் சொற்கள் பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீடும் செய்தது. சில ஆயிரம் குடும்பங்களே உள்ள சமூகத்தில், ஒரு வரனைத் தேடி எத்தனை பெற்றோர் இத்திரையின் முன் அமர்ந்திருப்பர் என்பதை இவ்விதழில் மணமக்கள் பகுதியைப் படிப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இணையத்தில் மக்களை மயக்கும் 13 உத்திகளைத் தடை செய்திருக்கின்றன. வேறு உருவில் மறைந்து வரும் விளம்பரம் அவற்றுள் ஒன்று. ஆசாரியரின் நான்காம் அதிசாரத்தை அரசு நெடுங்காலம் கழித்து வேறு சொல்லில் எழுதிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றியது.

என் பெயரன் பெங்களூரில் இத்தகைய விளம்பரங்களை அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறான். நல்ல பிள்ளை, இரவு உண்பதில்லை. விடுமுறைக்கு வந்தவனிடம் கேப்சூல் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "பாட்டி, நாங்கள் பொய் ஒன்றும் எழுதுவதில்லை. விளம்பரம் என்று போட்டிருக்கிறதே. படிக்காமல் தொடுபவர்க்கு யார் பொறுப்பு?" என்றான். மேலும் சொன்னான்: "விளம்பரம் இல்லையென்றால் இத்தனை பேருக்கு இலவசமாக யார் தேடித் தருவார்கள்? கருங்கல்லில் உள்ள பிள்ளைக்கும் சென்னையில் உள்ள பிள்ளைக்கும் ஒரே நூலகம் கிடைத்திருப்பது இதனால்தானே?"

இரண்டாவது கூற்றை நான் மறுக்கவில்லை. மாவட்ட நூலகத்திற்குப் பேருந்தில் போய், வேண்டிய புத்தகம் இல்லை என்று கேட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. விற்பவன் தன் சரக்கைக் கூவி விற்பதில் பிழையும் இல்லை. கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்பவர் கூவுகிறார். அவர் விற்பவர் என்று எல்லார்க்கும் தெரியும்.

முதல் கூற்றுக்குத்தான் விடை தேட வேண்டியிருந்தது. என் ஆசிரியப் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. கரும்பலகையைத் துடைக்காமல் பாடம் தொடங்கக் கூடாது என்பதை எங்கள் பயிற்சியாசிரியை மிகக் கண்டிப்பாகக் கற்பித்தார். அதன் காரணம் எனக்குப் பணியில் சேர்ந்த பிறகே விளங்கிற்று. ஒருமுறை கூட்டுறவுப் பண்டகசாலையின் நோட்டுப் புத்தக விலைப் பட்டியலைப் பலகையின் மூலையில் எழுதிவிட்டு, அழிக்க மறந்து அறிவியல் பாடம் நடத்தினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர், விலங்குகளின் உறைவிடத்தோடு நோட்டுப் புத்தக விலையையும் அறிவியல் ஏட்டில் எழுதிக்கொண்டு வந்தனர். 'பட்டியல்' என்ற தலைப்பு மேலே இருக்கத்தான் இருந்தது. பலகையில் இருப்பதெல்லாம் பாடம் என்று நம்பும் பிள்ளைதான் அதை எழுதிக்கொண்டது. நம்பாத குறும்புக்காரன் தப்பித்தான். பிழைத்த பிள்ளைகளை நான் அடிக்க முடியுமா?

நெரிசலான திரையில் அகப்படுபவரும் அவ்வாறே. வங்கியின் உதவி எண்ணைத் தேடி, மேலே வந்த போலி எண்ணை அழைத்து, சேமிப்பை இழந்த முதியோரைப் பற்றி நாளேடுகளில் படிக்கிறோம். அத்தகைய இழப்பைத் தெரிவிக்க 1930 என்ற எண்ணையே அரசு ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பெயரனுக்கு இத்திரையில் எது எதுவென்று கணநேரத்தில் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. யார்க்குத் தெரியாதோ அவரிடமிருந்தே வருவாய் கிடைக்கும்படி ஒரு முறையை வகுத்துவிட்டு, கவனமாக இரு என்று அவரிடமே சொல்வது என்ன நீதி?

ஹிம்சைக்கும் பிரமாதமே வேர் என்பது நம் ஆகமம். என் பிரமாதம் எனக்கு. அதை நான் கழுவ வேண்டும். ஆனால் பிறர் பிரமாதத்தில் விழும்படி ஒரு பக்கத்தை வகுப்பது காரிதம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றனுள் நடுவிலுள்ளது எளிதில் கண்ணுக்குப் படாது. மூன்றாவது இன்னும் நுட்பமானது. இலவசமாக வருகிறதே என்று நாள்தோறும் அத்திரையைத் தொட்டு வாழும் என்னிடமும் அனுமோதனம் இருக்கக்கூடும். இதைப் பெயரனிடம் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. அவனைக் குற்றம் சாட்டியபோது வாதாடியவன், என்னையும் சேர்த்துக்கொண்டபோது வாதாடவில்லை.

மறுநாள் காலை மார்த்தாண்டம் வழியாகச் சிதறால் மலைக்கு இருவரும் போனோம். எனக்கு இப்போது மேலே வரை ஏறுவது கடினம். நின்று நின்று ஏறினேன். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். அவற்றின் கீழே, செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சணந்தி என்னும் பெயரும் அங்கே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெயரன் வெகு நேரம் அவ்வெழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பொருள் கொடுத்தவர் பெயர் கீழே இருக்கிறது, பாட்டி," என்றான். ஆம், பெயர் இருக்கிறது. பெயரைப் பார்த்து யாரும் கைகூப்புவதில்லை, பகவானைப் பார்த்து யாரும் இவர் கொடையாளர் என்று மயங்குவதுமில்லை.

வேலையை விடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குக் குடும்பம் இருக்கிறது. தங்கையின் படிப்பு இருக்கிறது. மருந்து சம்பந்தமான விளம்பரங்களை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்கப் போவதாகச் சொல்லிச் சென்றான். அப்படி ஒப்படைத்தால் அதுவும் செய்வித்தல்தானே என்று அவனே தொலைபேசியில் இரண்டு வாரம் கழித்துக் கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பெரியோர் யாரேனும் இவ்விதழ் வாயிலாகத் தெளிவித்தால் அவனுக்கு வெட்டி அனுப்புவேன்.

செல்லுலோஸ் உறையுள்ள மருந்து ஒன்றை நம் ஊர்க் கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். பட்டையின் பின்புறத்தை நானே பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்தேன்.