ஒற்றி வாழ்வு

பிறவூரிற் சென்று நெடுநாள் தங்குவோனுக்கு எவ்வூர் தன்னூர்? பிறந்தவூர்ச் சுற்றத்தார் அவனைக் காண வந்து தங்குங்கால், அவனது முதற்கடமை அவர்பாலதோ, தனக்கு இடந்தந்த ஊரின்பாலதோ? இவ்வினா எளிதுபோலத் தோன்றினும், தம்பிரான்தோழர் வரலாற்றை நோக்குவார்க்கு அத்துணை எளிதன்றென்பது புலனாகும்.

சுந்தரமூர்த்தி நாயனார் தலந்தோறுஞ் சென்று பணிந்து, ஆங்காங்கே சிலநாள் தங்கிச் செல்லும் வழக்கினர். அவ்வாறு திருவொற்றியூரை யடைந்தவர், ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் வைகி, இறைவற்குத் திருமாலை தொடுத்துவந்த சங்கிலியாரை மணக்க விழைந்தார். பிரியேனென்று சூளுறவேண்டி வந்தது. திருமுன்னர்ச் சூளுறின் பின்னர்ப் பிரிதல் அரிதென்றெண்ணி, அவ்வேளை இறைவன் மகிழின்கீழ் எழுந்தருள வேண்டுமென விண்ணப்பித்தார். இறைவனோ, மகிழின்கீழே சூள் பெறுமாறு சங்கிலியார்க் குணர்த்தினான். நாட்கள் சென்றன. தென்றல் வந்தது, திருவாரூர் வசந்தவிழா நினைவில் எழுந்தது. நாயனார் ஒற்றியூரெல்லையைக் கடந்தார், கண்ணொளி மறைந்தது.

ஆரூரிலும் ஒற்றியூரிலும் எழுந்தருளியிருப்பவன் ஒருவனே. அங்ஙனமாக, அவன் விழாவைக் காணச் சென்றவர் ஒறுக்கப்பட்டது என்னை? சென்றது குற்றமன்று, சென்றவர்க்கு வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்து, கச்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் அருளியவனும் அவனே. இருந்தவூரின்கண் உரைத்த சொல்லைத் தீர்க்காது சென்றதே குற்றம். இது நாயனார் பொருட்டு நிகழ்ந்ததன்று. நம்போல்வார் உணர்தற்பொருட்டே நிகழ்ந்ததென்க.

ஒற்றியென்னுஞ் சொல்லும் இதனையே விளக்கும். கடன் கொடுத்தோன், அது தீருங்காறும் பிறனது நிலத்தையோ மனையையோ துய்த்துவருதல் ஒற்றியாம், இக்காலத்தார் போக்கியமென்பர். துய்ப்போன் உடையவனல்லன், ஆயினும் அதனைச் சிதையாது காத்துத் திரும்ப ஒப்புவிக்குங் கடப்பாடுடையன். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு இவ்வாறே தரப்பட்டன. ஆதலின், 'இஃது என்னூரன்று' எனக் கைகழுவுதலும், 'இஃது என்னுடைமையே' எனச் செருக்குதலும் ஒருங்கே பிழையாம்.

இதனை நூலிற் பலகாற் படித்தும், யான் உணர்ந்தது பிற்பட்டே. காவிரிக்கரையினின்று 2018-ஆம் ஆண்டில் ஒற்றியூர்க்கு வந்து, போக்கியத்துக்கு எடுத்த மனையொன்றில் வாழ்கின்றேன். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வற்றியபொழுது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கவியலாத எனக்கு, துறைமுகத் தொழிலாளி யொருவர் மனைவியாகிய அண்டைவீட்டார் நாடோறும் இரண்டு குடம் ஈந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, மாசித் திருவிழாவுக்கு என் தங்கை குடும்பத்தோடு வந்தாள். 2021-இல் இப்பக்கம் நீண்ட மெட்ரோ ரயிலில் விரைந்து வந்தும், பத்துநாள் இருந்து மெல்லக் காண்பதே அவள் விருப்பம். மகிழடி சேவை நாளன்று யாவரும் புறப்படும் வேளையில் அவ்வம்மையார் வந்து, கணவர்க்கு மூச்சுத் திணறுகின்றதென்றும், மருத்துவமனைத் தாள்களைப் படித்தறிய உடன்வரல் வேண்டுமென்றும் கேட்டார். "உறவினர் வந்திருக்கின்றனர், இன்று இயலாது" என்றேன். அவர் ஒன்றும் பேசாது திரும்பினார்.

தங்கை கூறினாள்: "அண்ணா, தண்ணீர் கொடுத்தவர் என்று கடிதத்தில் எழுதினீர்களே, அவர்தாமே இவர்? கோயிலுக்கு நாங்களே போய்க்கொள்கிறோம். நீங்கள் அவரோடு போங்கள்."

சென்றேன். இரவெல்லாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தோம். விடியலில் நோயாளியின் மூச்சுச் சீர்ப்பட்டது. அவ்வாண்டு மகிழடி சேவையை யான் கண்டிலேன். ஆயினும், இறைவனைத் தேர்வீதியில் மட்டும் இருத்தி, அண்டைவீட்டு வாயிலினின்று அகற்றிவிடலாமென்று அன்றுமாலை எண்ணிய என் பேதைமையைக் கண்டேன்.

அன்பர்காள்! சுற்றத்தை வரவேற்றல் அறமே. அவர்க்கு நாம் காட்டத்தகுவன கோபுரமும் கடலும் மட்டுமல்ல. இவ்வூரார்க்கு நாம் பட்ட கடனும் அதனைத் தீர்க்கும் முறையுமாம். அதனைக் கண்டு செல்லும் சுற்றத்தார்க்கு நாம் அயலூரிற் போய்விட்டோமென்னும் குறையிராது. ஒற்றியை மீட்க உடையவன் வருநாள் நாம் அறியோம்; வருங்கால் மனை பழுதின்றி யிருப்பதாக.